கிராம சபையில பெண்கள் உடல்நலம் பத்தி என்ன தீர்மானம் போடலாம்? கடலூர் – புதுவை எல்லைக்காரங்க யோசனை சொல்லுங்க

ரெட்டிச்சாவடி குழுக்காரி:
வணக்கம். இந்த வாட்டி கிராம சபைக்குப் போய் சும்மா உக்காந்துட்டு டீ குடிச்சிட்டு வர்றதில்லன்னு எங்க மகளிர் குழுவில முடிவு பண்ணியிருக்கோம். பெண்கள் உடல்நலம் பத்தி ஒரு தீர்மானம் கொண்டு வரணும். எழுதற வேலை என் தலையில விழுந்திருக்கு. போன தடவ "மகளிர் நலன் காக்க அரசு ஆவன செய்ய வேண்டும்"னு ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். கைதட்டி நிறைவேத்தினாங்க, அதோட சரி. யார் செய்யணும், எதுக்குள்ள செய்யணும்னு ஒண்ணும் இல்லாத தீர்மானத்தை வெச்சிக்கிட்டு எந்த ஆபீஸ் படியேற முடியும்?

இப்ப ஏன் இந்த வேகம்னா, எங்க தெருவுல ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம். எட்டாம் மாசம் ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 7.4தான். உடனே கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தம் ஏத்தி, நல்லபடியா பிள்ளை பொறந்துச்சி. அவ வர்றதுக்குள்ள வீட்டை ஒதுங்க வைக்கலாம்னு நாங்க ரெண்டு மூணு பேர் போனோம். அரிசி டின்னுக்குப் பின்னால ஒரு மஞ்சப்பை. உள்ள பூரா ரத்தம் ஊறக் கொடுக்கற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை அட்டை. ஒண்ணு கூட உடைக்கல. சில அட்டை மேல நர்சம்மா பேனாவால தேதி போட்டுக் கொடுத்திருக்காங்க. ஆக, கொடுத்தவங்க கொடுத்துட்டாங்க, வாங்கினவ வாங்கிட்டா, ரிஜிஸ்டர்ல எல்லாம் டிக் ஆயிடுச்சி. ரத்தம் மட்டும் ஏறல.

தீர்மானத்துல என்ன கேட்டா இதுக்கெல்லாம் ஒரு வழி வரும்?

பாகூர் ஏரிக்கரை:
உங்களுக்காவது தீர்மானம் போட ஒரு சபை இருக்கு. எங்க பக்கம், புதுச்சேரியில, 2006-ல உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சி, அதுவும் 1968-க்கு அப்புறம் அப்பத்தான். 2011-ல பதவிக்காலம் முடிஞ்சதும் போட்ட பூட்டு, இன்னும் திறக்கல. நவம்பர் 1 உங்களுக்கு கிராம சபை, எங்களுக்கு விடுதலை நாள் லீவு. என் தங்கச்சியக் கடலூர்ல கட்டிக் கொடுத்திருக்கேன், அதனால இந்த இழையில கண்டிப்பா இருப்பேன்.

சந்தேகம் சரவணன்:
எனக்கு ஒண்ணு புரியல. கர்ப்பிணிக்கு அரசாங்கம் பதினெட்டாயிரம் கொடுக்கறாங்க, சத்துணவுப் பெட்டகம் கொடுக்கறாங்க, வண்டி வெச்சிக் கூட்டிட்டுப் போய் வீட்ல கொண்டாந்து விடறாங்க. இதுக்கு மேல அரசாங்கம் வாயில ஊட்டி விடணுமா? மாத்திரைய முழுங்கறது அந்தப் பொண்ணு வேல. பேறுகால மரணத்துல தமிழ்நாடு நாட்டுலயே நல்லா இருக்கற மாநிலங்கள்ல ஒண்ணு. 2018–20 கணக்குல, உயிரோட பொறக்கற லட்சம் பிள்ளைக்கு இந்தியா 97, நாம 54. இதுல குறை சொல்ல என்ன இருக்கு?

பழைய நர்சம்மா:
சரவணன் தம்பி, அந்த 54-க்குள்ள என் கால் தேஞ்சதும் சேர்த்தி. கிராம சுகாதார செவிலியரா சர்வீஸ் முடிச்சவ நான். ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வெச்சது, சிக்கலான கேஸுக்கு சீமாங்னு அவசரப் பிரசவ சிகிச்சை மையம் திறந்தது, 2008-ல 108 வந்தது, எல்லாம் என் கண்ணு முன்னால நடந்தது. ஒரு தாய் செத்தா கலெக்டர் வரைக்கும் விசாரணை போகும். எங்க தவறுச்சி, எத்தனை மணிக்கு வண்டி வந்தது, யார் பார்த்தது, எல்லாம் கேப்பாங்க. நடுங்கிப் போவோம். அதனாலதான் எண்ணிக்கை குறைஞ்சுது. ஆனா அதே கணக்குல கேரளா 19 தம்பி, அதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆனா, ஒருத்தி செத்தா விசாரணை இருக்கு. அவளே 8 பாயிண்ட் ரத்தத்தோட இருபது வருஷம் மூச்சு வாங்கிக்கிட்டே நாத்து நட்டா விசாரணை இல்ல. தேசிய குடும்ப நல ஆய்வு 2019–21-ல தமிழ்நாட்டுல 15-லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல. இது சாவுக் கணக்குல வராது, அதனால யார் தூக்கத்தையும் கெடுக்காது.

இப்ப மஞ்சப்பைக்கு வர்றேன். குழுக்காரி, அந்தப் பொண்ண திட்டாதீங்க. அந்த மாத்திரைய நானே முழுங்கியிருக்கேன். வயித்தப் பொரட்டும், மலம் கறுப்பா போகும், சிலருக்கு ரெண்டு நாளைக்கு வெளிக்கே போகாது. அதப் பார்த்துட்டு மாமியார் "பிள்ளை கறுப்பா பொறக்கும்"னுவாங்க, பக்கத்து வீட்டம்மா "பிள்ளை பெருத்துப் போய் ஆபரேஷன் ஆயிடும்"னுவாங்க. சாப்பிடறவளும் காலையில டீயோட சேர்த்துப் போடுவா. டீ இரும்பு உடம்புல சேர விடாது. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு, ஒரு எலுமிச்சம்பழத் தண்ணியோட போட்டா பொரட்டலும் குறையும், சத்தும் ஒட்டும். இத உக்காந்து சொல்ல ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம் வேணும். ஐயாயிரம் ஜனத்துக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு கணக்கு. அந்த ஒருத்தியே தடுப்பூசி, பிக்மிங்கற கர்ப்பிணி கம்ப்யூட்டர் பதிவு, வீடு வீடா சர்வே, கொசு ஒழிப்புக் கூட்டம்னு ஓடணும். ராத்திரி பத்து மணிக்கு செல்போன்ல என்ட்ரி போட்டுக்கிட்டு இருப்பா. பத்து நிமிஷத்துக்கு எங்க போவா? அட்டையக் கையில குடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவா. நானும் அப்படித்தான் போயிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. மூணாம் மாசம் பதிவுக்கு வர்றப்பவே எட்டு இருந்தா, மாத்திரையால பிரசவத்துக்குள்ள பதினொண்ணுக்குக் கொண்டு வர்றது ரொம்பப் பாடு. ஏன் எட்டோட வர்றா? பள்ளிக்கூடத்துல வாராவாரம் நீல மாத்திரை, குடற்புழு மாத்திரை எல்லாம் கொடுத்தாங்க. பிளஸ் டூ முடிச்சு நின்னா. அப்புறம் கல்யாணமாகி உண்டாகற வரைக்கும் நாலஞ்சு வருஷம் அவ யார் ரிஜிஸ்டர்லயும் இல்ல. முந்திரி உடைக்கப் போறா, துணிக்கடையில பன்னெண்டு மணி நேரம் நிக்கறா. மாசா மாசம் போற உதிரம் ஒரு பக்கம். வாந்தி எடுத்த அன்னைக்குத்தான் அரசாங்கத்துக்கு அவ ஞாபகம் வருது. தீர்மானத்துல எதக் கேக்கறதுன்னா நான் இதத்தான் சொல்வேன்: படிப்ப முடிச்ச பொண்ணுங்களுக்கும் புதுசாக் கல்யாணமானவங்களுக்கும், உண்டாகறதுக்கு முன்னாலயே வருஷம் ரெண்டு தடவ ஊர்லயே ரத்தம் பாருங்க.

பாகூர் ஏரிக்கரை:
நர்சம்மா, இத பிரிண்ட் எடுத்து ஒட்டலாம். சரவணன் சார் பதினெட்டாயிரம்னு சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். கைக்கு வர்றது 14,000. மீதி 4,000 ரெண்டு பெட்டகமா வருது.

சந்தேகம் சரவணன்:
பெட்டகத்துல நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு எல்லாம் இருக்கில்ல? அத சாப்பிட்டா ரத்தம் ஏறாதா?

ரெட்டிச்சாவடி குழுக்காரி:
நெய்ய வீட்ல இருக்கற மத்த பிள்ளைங்க சோத்துல போட்டு முடிச்சிடும் சார். பேரீச்சம்பழத்த யார் தின்னாங்கன்னு மாமனாரைத்தான் கேக்கணும் 😄

பழைய நர்சம்மா:
இந்தப் பணம் பத்தியும் சொல்லிடறேன், அடுத்த தலைமுறைக்குத் தெரியணும். 1987-ல முத்துலட்சுமி ரெட்டி பேர்ல திட்டம் ஆரம்பிச்சப்ப 300 ரூபாய். 2006-ல 6,000, 2011-ல 12,000, 2018-ல 18,000. மொதல்ல நிறையத் தவணை. 2024-ல மூணா ஆக்கினாங்க. நாலாம் மாசம் 6,000, பிள்ளைக்கு நாலு மாசம் ஆனா 6,000, ஒன்பதாம் மாச ஊசி முடிஞ்சா 2,000. பன்னெண்டு வாரத்துக்குள்ள பதியணும், ரெண்டு பிரசவம் வரைக்கும்தான். நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்காகவாவது பொண்ணுங்க சீக்கிரம் பதிவுக்கு வந்தாங்க.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. பன்னெண்டாம் வாரத்துல திறக்குது, பிள்ளைக்கு ஒன்பது மாசம் ஆனதும் மூடுது. இந்த ஒண்ணேகால் வருஷத்துக்கு வெளிய அவ இல்லவே இல்ல. முத்துலட்சுமி அம்மையார் பிரசவத்துக்கு மட்டுமா நின்னாங்க? 1954-ல அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சவங்க அவங்க. அவங்க பேர்ல பிரசவத்துக்குப் பணம் வாங்கின எங்க ஊர் பொம்பளைங்க, நாப்பது வயசுல கர்ப்பப்பை வாய் சோதனைக்குக் கூப்பிட்டா "எனக்கென்ன நோயா"ன்னு கேக்கறாங்க. அதே 2019–21 ஆய்வுல, முப்பதுலேர்ந்து நாப்பத்தொன்பது வயசுக்குள்ள நூறு பேர்ல பத்துப் பேர் அளவுதான் அந்த சோதனைய ஒரு தடவையாவது பண்ணியிருக்காங்க. நம்ம மாநிலத்துலயே இந்த நிலை. அசிட்டிக் ஆசிட் தடவி வெள்ளையா மாறுதான்னு பார்க்கற சோதனை, நிமிஷ வேல, வலியும் இல்ல.

ஓ.டி. கூடைக்காரி மகன்:
கடலூர் முதுநகர்லேர்ந்து. எங்கம்மா மீன் விக்கறவங்க. விடிகாலையில துறைமுகத்துக்குப் போய் ஏலம் எடுத்து, கூடையத் தூக்கி பஸ் ஏறி தெருத் தெருவா வித்துட்டு வீடு திரும்பறப்ப மதியம் தாண்டிடும். கர்ப்பிணி செக்கப் செவ்வாய்க்கிழமை, அதுவும் காலையில. மத்த பரிசோதனையும் காலையிலதான். ஒரு நாள் போனா அன்னைய ஏலம் போச்சு, வாங்கின கடனுக்கு வட்டி நிக்காது. என் அக்கா கர்ப்பமா இருந்தப்ப சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் உக்காரச் சொன்னாங்க. குடிச்சிட்டு எழுந்து போயிட்டாங்க, மீன் கெட்டுப் போகுதுன்னு. அடுத்த வாரம்தான் திரும்பிப் போய்ப் பார்த்தாங்க, சர்க்கரை இருந்துச்சி.

இன்னொண்ணு ஆம்பளைங்க யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதறேன். எங்கம்மா காலையில வீட்ட விட்டுப் போனா திரும்பற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாங்க. குடிச்சா எங்க போறது? விக்கற இடத்துல கழிப்பறை இல்ல, இருந்தாலும் பூட்டு. வருஷத்துல ரெண்டு மூணு தடவ நீர்க்கடுப்பு, காய்ச்சல். மாதவிடாய் நாள்ல என்ன பண்ணாங்கன்னு நான் கேட்டதில்ல. இதெல்லாம் "மகப்பேறு நலம்" தலைப்புல வராதா?

ரெட்டிச்சாவடி குழுக்காரி:
வரும் தம்பி, வரும். சாயங்கால கிளினிக் கேக்கணும்னு நோட்ல எழுதிட்டேன். எங்க ஊர்ல சிப்காட் கான்ட்ராக்ட் வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கும் இதே கதைதான்.

சிதம்பரம் கோர்ட்டு வாசல்:
வழக்கறிஞர் என்ற முறையில் சில விஷயங்கள். முதலில் யாரிடம் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையமும் துணை நிலையமும் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழ். கடலூர் தலைமை மருத்துவமனை, விருத்தாசலம் போன்ற தாலுகா மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். 2021-ல் அரசு எடுத்துக்கொண்ட அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி, இப்போது கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி, அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். அங்கன்வாடி சமூக நலத் துறை. நீல மாத்திரை கொடுக்கும் இடம் பள்ளிக் கல்வித் துறை. "சுகாதாரத் துறை" என்று பொதுவாக எழுதினால் உங்கள் தாள் இந்த ஐந்து மேசைக்கும் நடுவில் உள்ள சந்துகளில் விழும். சாயங்கால கிளினிக் வேண்டுமென்றால் வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் எழுதுங்கள். சந்தையில் கழிப்பறை அந்த உள்ளாட்சியின் வேலை. முதுநகர் மாநகராட்சிக்குள் வருகிறது, அது கிராம சபைத் தீர்மானத்தில் நிற்காது. தம்பி தனி மனு போட வேண்டும்.

இன்னொன்று: நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. தலைவருக்குப் பதில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் காலத்துத் தீர்மானத்தைப் பின்னால் தூக்கிப் பிடிக்க ஆள் இருக்காது. ஆகவே தீர்மானத்திலேயே பின்தொடரும் பொறுப்பை உங்கள் குழுவின் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்ணாடம் பேச்சியம்மா பேத்தி:
வக்கீல் சார் கிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க அண்ணிக்கு ஒரு அரசு ஆஸ்பத்திரியில சிசேரியன். ஆறு வாரம் கழிச்சு செக்கப் போனப்ப, உள்ள காப்பர்-டி நூல் தெரியுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சி. போட்டதே தெரியாது. "கையெழுத்து இருக்கேம்மா"ன்னு ஃபைலத் திருப்பிக் காட்டினாங்க. வலியில துடிச்சப்ப நாலஞ்சு தாள்ல எங்கண்ணன்தான் கையெழுத்துப் போட்டிருக்கான், எதுக்குன்னு அவனுக்கும் தெரியல. இது சரியா?

சிதம்பரம் கோர்ட்டு வாசல்:
சரியே இல்லை. கருத்தடைச் சாதனம், அறுவை சிகிச்சை எதுவானாலும் சம்மதம் அந்தப் பெண்ணுடையது. அண்ணன் கையெழுத்து அண்ணியின் சம்மதம் ஆகாது. பிரசவ வலியில் வாங்கும் கையெழுத்தையும் சம்மதம் என்று சொல்ல முடியாது. ஏழாம் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே எடுத்துச் சொல்லி, அட்டையில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். அண்ணி எடுக்கச் சொன்னால் எடுத்தே ஆக வேண்டும்.

கருக்கலைப்புக்கும் இதே. 1971 சட்டம், 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லியிருக்கும் சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு, இரண்டு டாக்டர்கள். கருவில் பெரிய குறைபாடு என்றால் 24-க்கு மேலும் மருத்துவ வாரியம் முடிவு செய்யலாம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும்தான். கணவரைக் கூட்டி வா, மாமியாரைக் கூட்டி வா என்று கேட்கச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. கல்யாணம் ஆகாதவருக்கும் இதே உரிமை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை இடத்தில் "புருஷன் எங்கம்மா" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போகிறவள் எங்கே போகிறாள் என்று கேட்பவர்தான் இல்லை.

சந்தேகம் சரவணன்:
ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கச் சொல்றதுல என்ன தப்பு? நாட்டுக்கும் நல்லது அவங்களுக்கும் நல்லது.

பழைய நர்சம்மா:
சொல்றதுல தப்பில்ல. யார் கிட்ட சொல்றோம்? தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. ஆம்பள ஆபரேஷன் 0.1. ஆயிரத்துல ஒருத்தர். ஆம்பளைக்குத் தையல் கூட கிடையாது, அரை மணி நேரத்துல நடந்து வீட்டுக்குப் போயிடலாம். நான் வீடு வீடா சொல்லிப் பார்த்தேன், "அவருக்கு பாரம் தூக்கற வேல"ன்னு பொண்டாட்டிங்களே மறிப்பாங்க. சிசேரியன் ஆகி ரத்தமில்லாம கெடக்கறவ பாரம் தூக்கலாமா?

சரவணன் தம்பிக்கு எத்தனை பிள்ளை?

சந்தேகம் சரவணன்:
ரெண்டு. வேற பேச்சு பேசுவோம்.

பாகூர் ஏரிக்கரை:
😂😂 இழை எழுதினதுக்கு இது போதும்.

விருத்தாசலம் டீச்சர்:
மூணு மாசத்துக்கு ஒரு தடவ போடற அந்தரா கருத்தடை ஊசி, சாயா கருத்தடை மாத்திரை எல்லாம் அரசாங்கத்துலயே இலவசமா இருக்கு. அத யாரும் சொல்றதில்ல, நேரா ஆபரேஷன்தான். சரி, நான் சொல்ல வந்தது வேற ரெண்டு.

எங்க பக்கம் பேசவே பயப்படற விஷயம் ஸ்கேன். 2011 கணக்கெடுப்புல நம்ம மாவட்டத்துல ஆறு வயசுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைக்கு 896 பெண் பிள்ளை. அதப் பார்த்துட்டுத்தான் வேண்டாம்னு நினைக்கற பெண் குழந்தைய அரசாங்கத் தொட்டில்ல விட்டுடலாம்னு சேலத்துல 1992-ல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டத்த அந்த வருஷமே கடலூருக்கும் நீட்டிச்சாங்க. 1994 சட்டப்படி பாலினம் சொல்றது குத்தம், எல்லா ஸ்கேன் சென்டர்லயும் போர்டு தொங்குது. போர்டு தொங்கற இடத்துல யாரும் சொல்றதில்ல. ராத்திரியில ஒரு வீட்ல சின்ன மெஷின வெச்சிப் பார்த்துட்டுப் போற கும்பல் தனி, அப்பப்போ பேப்பர்ல கைது செய்தி வரும். ஏற்கெனவே ரெண்டு பொண்ணு இருக்கற வீட்ல மூணாவது உண்டானா பதிவுக்கே வர மாட்டாங்க, நாலு மாசம் கழிச்சு "கலைஞ்சிடுச்சி"ன்னுவாங்க. அந்தக் கணக்க துணை நிலைய நர்ஸ்தான் மொதல்ல பார்க்க முடியும். ஆனா அவ தனியாளா அந்த ஊர்ல ராத்திரி தங்கறவ. அவள எழுதச் சொல்லிட்டு நாம வீட்ல தூங்க முடியாது.

ரெண்டாவது, பதினெட்டு ஆகாத பொண்ணுங்க. கல்யாணமோ காதலோ, உண்டாயிட்டா அரசு ஆஸ்பத்திரிக்குப் போக பயம். போனா போலீசுக்குச் சொல்லிடுவாங்க, பையன் ஜெயிலுக்குப் போயிடுவான்னு. என் பழைய மாணவி ஒருத்தி ஏழாம் மாசம் வரைக்கும் ஒரு டாக்டரையும் பார்க்கல, துப்பட்டாவ இறுக்கிக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா.

சிதம்பரம் கோர்ட்டு வாசல்:
டீச்சர் சொன்னதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நான் மேலே சொன்ன அதே 2022 தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோவில் (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) தகவல் தரும் டாக்டர் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று இருக்கிறது. தகவல் தருவது கட்டாயம், பெயர் கட்டாயமில்லை. இது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எழுத்தில் போயிருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

பாகூர் ஏரிக்கரை:
எல்லை விஷயத்த யாருமே தொடலையே. பாண்டியிலேர்ந்து கடலூர் பஸ்ல வந்தா புதுச்சேரி, ரெட்டிச்சாவடி பக்கம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி, முள்ளோடை தாண்டினா மறுபடி தமிழ்நாடு. தலைப் பிரசவம் தாய் வீட்லதான். என் தங்கச்சி கடலூர்ல பதிஞ்சா, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு பாகூருக்கு வந்தா. பிக்மி தமிழ்நாட்டோடது, எங்க பக்கம் வேற பதிவு. எங்க நர்ஸ் அவ அட்டையப் பார்த்துட்டு மறுபடி மொதல்லேர்ந்து எழுதினாங்க. பிரசவம் புதுச்சேரியில ஆச்சு, பிறப்புச் சான்றிதழ் இங்க. மூணாம் மாசம் புருஷன் வீட்டுக்குப் போனதும் தடுப்பூசி அங்க. பணம் ரெண்டாவது தவணைக்கு இங்கேர்ந்து தாள் கொண்டா, அங்கேர்ந்து தாள் கொண்டான்னு மச்சான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டே தேஞ்சான். ஜிப்மருக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் ஆஸ்பத்திரிக்கும் வர்ற கர்ப்பிணிங்கள்ல கடலூர், விழுப்புரம்காரங்க எத்தனை பேர்னு பஸ் ஸ்டாண்டுல நின்னாலே தெரியும். நோயாளி எல்லை பார்க்கறதில்ல, கம்ப்யூட்டர் பார்க்குது.

கட்சிக்காரன்76:
எல்லாம் போன ஆட்சியில ஒழுங்கா நடந்தது. இப்ப

நெறியாளர்:
கட்சி விவாதத்துக்குத் தனி இழை இருக்கு. மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதியும், அதுக்கு வந்த பதில்களும் அங்க நகர்த்தப்பட்டன.

ஓ.டி. கூடைக்காரி மகன்:
சிசேரியன் பத்தி யாராவது சொல்லுங்க. தனியார்ல போனாலே கத்திதானே?

பழைய நர்சம்மா:
அதே 2019–21 குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல சிசேரியன் தனியார்ல 63.8 சதவீதம், அரசுல 36. அரசுலயும் மூணுல ஒண்ணுக்கு மேல. இதுக்கு கிராம சபையில தீர்மானம் போட்டு ஒண்ணும் ஆகாது, வேற இழை போடுங்க.

ரெட்டிச்சாவடி குழுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து குழுவில எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். பத்து விஷயம் கேட்டா பத்தும் போகும்னு பெரியவங்க சொன்னாங்க. ஸ்கேன் விஷயத்த தீர்மானத்துல வேண்டாம், ஊருக்குள்ள பகையாகும், கலெக்டர் கிட்ட நேர்ல தனியாக் கொடுக்கலாம்னு முடிவு. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல, ஆனா துணை நிலையத்து நர்ஸ நினைச்சா அதுவும் சரிதான்னு படுது. இப்ப எழுதி வெச்சிருக்கறது:

"எமது ஊராட்சியில் 18 முதல் 30 வயது வரையுள்ள, கர்ப்பமாக இல்லாத பெண்கள் அனைவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊரிலேயே ரத்தப் பரிசோதனை செய்து, குறைவாக உள்ளவர்களுக்கு மாத்திரை வழங்கி, மூன்று மாதத்தில் மறுபரிசோதனை செய்ய வட்டார மருத்துவ அலுவலரை இச்சபை கேட்டுக்கொள்கிறது. மாதத்தில் இரண்டு நாள் மாலை 5 மணி முதல் 8 மணி வரை பெண் மருத்துவரோ செவிலியரோ இருந்து, கர்ப்பிணிப் பரிசோதனையும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் நடத்த வேண்டும். கருத்தடை முறைகள் அனைத்தையும் ஏழாம் மாதப் பரிசோதனையில் விளக்கி, அந்தப் பெண்ணின் சம்மதத்தை அப்போதே எழுத்தில் பெற வேண்டும்."

பாகூர் அண்ணனோட எல்லைப் பிரச்சினைய சேர்க்க முடியல. அது ரெண்டு அரசாங்க விஷயம். எம்.பி.க்குத் தனியா எழுதறோம்.

பாகூர் ஏரிக்கரை:
பரவால்லம்மா. எம்.பி.க்கு எழுதறப்ப கூப்பிடுங்க, தங்கச்சியோட ரெண்டு அட்டையையும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கறேன்.

விருத்தாசலம் டீச்சர்:
2025-26 பட்ஜெட்ல 14 வயசுப் பொண்ணுங்களுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி இலவசம்னு அறிவிச்சாங்களே, அதையும் ஒரு வரி சேருங்க. நம்ம வட்டாரத்துல என்னைக்குப் போடறாங்கன்னு தேதி கேளுங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அம்மாவுக்கு சோதனை, பொண்ணுக்கு ஊசின்னு சேர்த்துக் கேட்டா ஒரே வரியில முடிஞ்சிடும்.

பழைய நர்சம்மா:
நல்லா வந்திருக்கு. ஒண்ணு மட்டும் சேரு. "மாத்திரை வழங்கி"ன்னு போட்டா மறுபடி மஞ்சப்பைதான். "மாத்திரை வழங்கி, குழு உறுப்பினர் ஒருவர் வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று அட்டையைப் பார்க்க"ன்னு எழுது. அது அவங்க வேல இல்ல, உங்க குழுவோட வேல. பத்து வீட்டுக்கு ஒருத்தின்னு பிரிச்சிக்குங்க. எப்படிச் சொல்லிக் கொடுக்கறதுன்னு நான் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து சொல்றேன். பஸ் காசு மட்டும் கொடுத்தா போதும்.

சந்தேகம் சரவணன்:
டைப் பண்ணி நாலு பிரதி வேணும்னா நான் பண்ணித் தர்றேன். கடை மஞ்சக்குப்பத்துலதான். காசு வேண்டாம்.

சிதம்பரம் கோர்ட்டு வாசல்:
"கேட்டுக்கொள்கிறது" என்பதற்குப் பக்கத்தில் "60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் தர" என்று சேர்த்துவிடுங்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போவதற்குள், தீர்மானப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகல் கேட்டு அன்றைக்கே ஊராட்சிச் செயலரிடம் ஒரு மனுவும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.